வாசலைத் தொட்டுப் போகும் கோடு

அவர் காகிதத்தில் பென்சிலால் போட்டு மேலே மை ஓட்டிய கோடுகள், மை உலர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஊருக்குள் வந்து நின்றன. குளிர்காலத்தில் மட்டும்தான் இப்படி. மற்ற மாதங்களில் போட்ட கோடு போட்ட இடத்தில் கிடக்கும். காற்று கனத்து, மலையில் பனி இறங்கி, சமவெளியை மூடுபனி போர்த்த ஆரம்பித்துவிட்டால், வானிலை அலுவலகத்தின் மேல்மாடியில் அவர் காலையில் வரைகிற ஒவ்வொரு கோடும், வரைபடத்தில் எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறதோ அந்தந்த வழியாக, தோள் உயரத்தில், மீன்பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் நீண்டு நிற்கும். சுவர் குறுக்கிட்டால் உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஆனால் கையை அறுக்காது. மறுநாள் காலை அவர் புதுக் காகிதத்தை விரிக்கும்போது பழைய கோடு சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கும். அந்தக் கோடுகளில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எந்தெந்த இடத்தில் காற்றழுத்தம் ஒரே அளவில் இருக்கிறதோ அந்த இடங்களையெல்லாம் சேர்த்து இழுப்பதுதான் சம அழுத்தக் கோடு. எல்லா நாட்டிலும் வானிலைக்காரர்கள் போடுகிறார்கள். அவர்களுடையது காகிதத்தோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வருஷம் ஊர் பயந்தது. அடுத்த வருஷம் நகராட்சி ஆள் ஒருவர் வந்து, சைக்கிள்காரர்கள் கழுத்தைக் கொடுத்துவிடக் கூடாதென்று கோட்டில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருஷம் சலவைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், அதில் போட்ட துணி எப்பேர்ப்பட்ட மூடுபனியிலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது என்று. அதோடு பயம் போயிற்று. ஒன்று உபயோகப்படும் என்று தெரிந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஆட்கள் அந்த ஊரில் கிடையாது. தலைமையகத்திலிருந்து நிபுணர் குழு ஒன்று வந்து கோட்டை அளந்தது, தட்டியது, அதில் ஒருவர் நக்கியும் பார்த்தார். இன்னொருவர் தொப்பியைக் கோட்டில் மாட்டிவிட்டு அளவு குறித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆடு அந்தத் தொப்பியைத் தின்றுவிட்டது. ஆய்வு தொடர்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய பெயரை ஊர் மறந்து வெகுகாலம் ஆயிற்று. வானிலைக்காரர் என்றால் போதும். காலையில் அவர் அலுவலகம் போகும் வழியில், சந்து முனையில் இருக்கும் சலவைக்கார அம்மா வாளியும் கையுமாக நின்று மறிப்பாள்.

"சார், நாளைக்கு நம்ம சந்துப் பக்கமா ஒண்ணு போடுங்க சார். லாட்ஜு பெட்ஷீட்டு மலையாட்டம் கெடக்கு."

"அது என் கையிலயாம்மா இருக்கு? காத்து எங்க சொல்லுதோ அங்கதான் போட முடியும்."

"பென்சிலு யாரு கையில இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்தக் காலத்தில் அவருக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. சமவெளியில் நாளைக்கு எங்கே மூடுபனி, எங்கே உறைகுளிர் என்று அது சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மலை என்று வந்தால்தான் அதற்குப் புத்தி தடுமாறும். அதன் கண்ணுக்கு மலைத்தொடர் என்பது போர்வைக்குள் படுத்துக் கிடக்கிற ஓர் ஆள். மூக்கு எது, முழங்கால் எது என்று தெரியாமல், பள்ளத்தாக்குகளைத் தூர்த்து, சிகரங்களைச் சீவி, மொத்தமாக ஒரு மேடு என்று கணக்கில் வைத்திருக்கும். அதனால் குளிர்காலத்தில் கையால்தான் வரைய வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. மேடம் என்றால் அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, படத்தைத் தலை சாய்த்துப் பார்த்து, எங்கே கை நடுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர். அதே மேஜையில் இன்னும் இரண்டு பேர் வரைந்தார்கள். அவர்கள் போட்டது எதுவும் காகிதத்தை விட்டு எழவில்லை. ஒருமுறை இளையவர் போட்ட கோடு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய், வெளியே எட்டிப் பார்த்து, குளிர் தாங்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டது என்று கேன்டீனில் ரொம்ப நாள் ஓட்டினார்கள்.

வானிலைக்காரரின் வீடு சந்தின் கடைசியில் இரண்டு அறை, ஓர் இரும்பு கேட். இரண்டு நாற்காலியில் ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் பழைய பேப்பர் உட்கார்ந்திருக்கும். மனைவி மலைமேல் இருக்கும் மேலூரில், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வருஷத்துக்கு என்று மாற்றலில் போனவள், அங்கே ஆள் இல்லை என்று இன்னொரு வருஷம் இருந்தாள். பிறகு இருவரும் வருஷத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானம் ஆகவாவது ஒரு வழி இருந்திருக்கும். இவர்கள் சண்டையே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"அங்க குளிரா?"

"அதை என்கிட்ட கேக்குறீங்க? அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் போனில் இரைச்சல் மட்டும் கேட்கும். "சரி, வெச்சிடட்டுமா?" என்பாள். "ம்," என்பார். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவையெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வரும். அவற்றைத் தட்டு கழுவும்போது குழாயிடம் சொல்லிக்கொண்டிருப்பார். குழாயும் சொட்டுச் சொட்டாக ம் கொட்டும்.

மலைக்கும் சமவெளிக்கும் ஓடுகிற பஸ்ஸை ஓட்டியது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வாரத்தில் இரண்டு முறை அவர் வீட்டில் இறங்கி, வெந்நீரில் கால் நனைத்துக்கொண்டு, மேலே என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போவான். அக்காவைப் பற்றி அவர் கேட்கும்வரை சொல்லக் கூடாது என்று முதலில் வைராக்கியமாக இருந்தான். அவர் கேட்கவே மாட்டார் என்று தெரிந்த பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தான்.

அப்படியிருக்கையில் ஒரு குளிர்காலத்தின் நடுவில், பெரிய உயர் அழுத்தம் ஒன்று வடக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிவிடும், ஒரே கோடு எங்கெங்கோ போகும். அன்றைக்கு அவர் போட்ட கோடு ஒன்று, அவர் அறியாமலேயே, அவர் வீட்டு கேட்டைத் தொட்டுக்கொண்டு வயல்களைக் கடந்து, மலையடிவாரம் ஏறி, கணவாயைச் சுற்றி, மேலூர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு ஜன்னலை உரசிக்கொண்டு போயிற்று. மாலையில் அவர் சாவி தேடுவதற்காகக் கைப்பையைக் கோட்டில் மாட்டினார். கோடு வெடுக்கென்று ஓர் ஆட்டம் ஆடியது. பை விழுந்தது. எடுத்து மாட்டினார். மறுபடியும் விழுந்தது. அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்து, கோட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும் போல.

இரண்டு நாள் கழித்து மச்சினன் வந்தான்.

"மாமா, அன்னிக்கு நீங்க கோட்டைப் புடிச்சு இழுத்தீங்களா?"

"நான் எதுக்குடா இழுக்கப் போறேன்?"

"அதுல காயப்போட்ட ஆஸ்பத்திரி போர்வை அத்தனையும் பனியில விழுந்துடுச்சு. கீழ எவனோ கொழுப்பெடுத்தவன் இழுக்குறான்னுட்டு அக்காவும் நல்லா வெச்சு இழுத்தாங்களாம்."

"யாருன்னு கேட்டாளா?"

"கேக்கல. ஆனா இன்னிக்கும் கோடு வருமான்னு கேட்டாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தொழில் அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அதன் பிறகு, கோடு இரண்டு இடத்தையும் தொட்டுப் போகிற நாட்களில், மாலையில் அவர் கேட்டைத் திறப்பதற்கு முன் ஓர் இழுப்பு இழுப்பார். அவள் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓர் இழுப்பு இழுப்பாள். அதில் செய்தி எதுவும் கிடையாது. இருக்கிறேன் என்பதைச் செய்தி என்று ஒப்புக்கொண்டால், அது மட்டும் உண்டு. போனில் இதைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. பேசிவிட்டால் இதுவும் போன் மாதிரி ஆகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். சில நாள் ஆள் மாறியும் போகும். நடுவில் ஏதோ ஒரு கிராமத்து மாடு கோட்டில் முதுகு சொறிந்துகொள்ள, அவர் அதற்குப் பதில் இழுத்து, மாடு மகிழ்ந்து மேலும் சொறிய, இருட்டும்வரை நின்றிருக்கிறார்.

ஆனால் அத்தகைய நாட்கள் ஒரு குளிர்காலத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்ற நாட்களில் கோடு ரயில்வே காலனி வழியாகவோ ஏரிக்கரை வழியாகவோ போய்விடும், அவர் வெறும் கேட்டைத் திறந்துகொண்டு வெறும் வீட்டுக்குள் போவார். முன்பெல்லாம் அது பழகித்தான் இருந்தது. இப்போது பழகவில்லை.

இங்கேதான் அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு சந்து அவர் கண்ணில் பட்டது. மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் அளந்த அழுத்தத்தை அப்படியே சமவெளியோடு சேர்க்க முடியாது. உயரத்தில் காற்று மெலிவு. ஆகவே அந்த நிலையத்துக்கு அடியில் மலையே இல்லாமல், கடல்மட்டம் வரைக்கும் வெறும் காற்று நிரம்பியிருந்தால் எவ்வளவு கனம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த இல்லாத காற்றுக்கு ஒரு குளிர்ச்சியையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். உலகமெங்கும் படித்தவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதைச் செய்துவருகிறார்கள். இல்லாத காற்று கொஞ்சம் அதிகக் குளிர் என்று வைத்தால் எண் ஏறும், வெதுவெதுப்பு என்று வைத்தால் இறங்கும். ஒரு நாள் அவர் அதைக் கொஞ்சமே கொஞ்சம் குளிரச் செய்தார். பென்சில் முனையின் அகலம்கூட இராது. அந்த வித்தியாசத்தில் கோடு ஏரிக்கரையை விட்டு நகர்ந்து அவர் சந்துக்குள் வந்தது.

மறுநாளும் வந்தது. பிறகு தினமும் வந்தது.

சலவைக்கார அம்மா அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். மற்ற தெருக்காரர்கள் போடவில்லை. "தன் தெருவுக்கே போட்டுக்கிறாரு பாருய்யா," என்று ரயில்வே காலனியில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. கோடுகளும் பழையபடி இல்லை. எங்கே இருக்க வேண்டுமோ அங்கிருந்து வலிய இழுத்துக் கட்டியது போல விறைத்து, ரீங்காரம் போட ஆரம்பித்தன. நாய்கள் சந்தைச் சுற்றிக்கொண்டு போயின. மின்சாரக் கம்பி அப்படித்தான் சத்தம் போடும் என்று அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். சமவெளியில் அவர் சொன்ன இடத்தில் மூடுபனி இறங்காமல் சொல்லாத இடத்தில் இறங்கியது. பெரிய தப்பு ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் நடப்பதுதான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் ஆனால் ஓர் இழுப்பு. அதற்காகக் காலையில் தலைவாரிக்கொள்ளக்கூட ஆரம்பித்திருந்தார்.

மேடம் மட்டும் ஒரு நாள் படத்தைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்த மலை நிலையம் ஏன் எப்பவும் உங்க பேச்சையே கேக்குது?"

"நல்ல நிலையம் மேடம்."

"ம்," என்றார் மேடம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, மேலிருந்து ஓர் இழுப்புக்குப் பதில் மூன்று வந்தன. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. அவருக்குப் புரியவில்லை. பதிலுக்கு மூன்று இழுத்தார். அந்தப் பக்கம் திருப்தியானது போலப் பேசாமல் இருந்தது. மூன்று என்றால் என்ன என்று ராத்திரி பூராவும் யோசித்தும் தெரியவில்லை. நாளைக்குச் சாயங்காலம் எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு நாளைக்கும் கோடு வாசலில் இருந்தாக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு தூங்கினார்.

காலையில் மலை நிலையத்திலிருந்து பேசிய ஆள், "சார், பாதரசம் இறங்கிக்கிட்டே இருக்கு," என்றான்.

"கண்ணாடியைத் தட்டிப் பாத்தியா?"

"தட்டிட்டேன் சார். தட்டத் தட்ட இறங்குது."

அந்த எண்ணை உள்ளபடி வைத்தால் கோடு மலையில் வளைந்து, தெற்கே சரிந்து, அவர் சந்தைத் தொடாமல் எங்கோ போகும். கணவாய்ப் பக்கம் ஒரு சின்னக் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது, பனி கொட்டப் போகிறது என்று அர்த்தம். எத்தனையோ வருஷ அனுபவம், அவருக்கு அது தெரியாமல் இல்லை. பழைய அழுத்தமானி, மலைக்காற்று சில சமயம் விளையாடும், இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம் என்று தன் அனுபவத்தை உட்காரவைத்துச் சமாதானம் சொன்னார். பிறகு இல்லாத காற்றை என்றைக்கும் இல்லாத அளவுக்குக் குளிரச் செய்து, கோட்டை நேராக இழுத்தார். மலையில் வானம் தெளிவாக இருக்கும், கணவாய்ப் பாதை திறந்திருக்கும் என்று ரேடியோவில் வாசித்தார்கள். பஸ்கள் கிளம்பின.

மத்தியானமே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். கேட் வாசலில் கோடு தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டிருந்தது. போட்ட துணியெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து நழுவ, சலவைக்கார அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பதில் இல்லை. மூன்று இழுத்தார். கை மரத்ததுதான் மிச்சம். வேலை நேரம், போர்வை துவைத்துக்கொண்டிருப்பாள் என்று காத்திருந்துவிட்டு, மனசு கேட்காமல் உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இன்னொரு நர்ஸ் எடுத்தாள்.

"அக்காவா? லீவு போட்டுட்டு காலைல பஸ்ஸுலயே கெளம்பிட்டாங்களே சார். உங்ககிட்ட சொல்லலையா? சொல்லியாச்சுன்னாங்களே."

நேற்றைய மூன்று இழுப்பு அதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இங்க பனி கொட்டுது சார். ரேடியோல ஒண்ணுமே சொல்லலையேன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. பஸ்ஸு கணவாய்ல எங்கயோ மாட்டிக்கிச்சாம். ஹலோ? சார்?"

வானிலைக்காரர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் செருப்பை ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு அலுவலகம் வரைக்கும் ஓடினார். மேடம் டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"மேடம், காலைல நான் போட்டது பொய்க் கோடு."

"எது?"

"மலைக்கு மேல போறது. அது வளைஞ்சு இறங்கணும். நான் நேரா இழுத்துட்டேன்."

"ஏன்?"

"என் வீட்டு வாசல் வழியா வரணும்னு."

மேடம் கோப்பையை வைத்தார். "எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாவே. இப்ப கணவாய்ல பனியில பஸ்ஸு மாட்டிக்கிச்சாம் மேடம்."

"பஸ்ஸுல உங்காளு யாராவது இருக்காங்களா?"

"ஓட்டுறவன் என் மச்சினன். உள்ள என் வீட்டுக்காரி."

"உக்காருங்க. முதல்ல திருத்துங்க. அப்புறம் திட்டுறேன்."

பகலில் படம் திருத்துகிற வழக்கம் அங்கே கிடையாது. மேடமே போனை எடுத்து மலை நிலையம், அடிவார நிலையம், கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் காவல்சாவடி என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்து எண்களை வாங்கி உரக்கச் சொன்னார். அவர் புள்ளிகளுக்குப் பக்கத்தில் எழுதினார். எழுத எழுத, மலைக்குள் ஒரு சிறு குழி தெரிந்தது. தாழ்வைச் சுற்றிப் போடுகிற கோடு ஒரு முடிந்த வட்டமாகத்தான் இருக்கும். பென்சில் அதன் மேல் வந்து நின்றது. பாதையின் உச்சி வளைவில்தான் எப்போதும் பஸ் மாட்டும். மூடுபனி மாதிரிப் பனி கொட்டுகிற இடத்தில் ஒரு கோடு கைக்குக் கிடைத்தால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். வட்டத்தை அந்த வளைவின் மேலேயே போட்டுவிட்டால் என்ன என்று கை துடித்தது.

"எங்க போடப் போறீங்க?" என்றார் மேடம்.

"பஸ்ஸு இந்த வளைவுலதான் நிக்கும் மேடம். நிச்சயமா."

"எண்ணு எங்க சொல்லுது?"

அவர் பென்சிலைச் சற்றுக் கீழே நகர்த்தினார். "கொஞ்சம் கீழ. இந்த ஓடைப் பக்கம்."

சந்தில் இரைந்துகொண்டிருந்த கோடு அவர் காதுக்குள் இன்னும் இரைந்தது. ஒரு துணியைக்கூட நிறுத்திவைக்க முடியாத கோடு அது, ஆட்களை எங்கே தாங்கப் போகிறது? கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, எண் சொன்ன இடத்தில், ஓடையைச் சுற்றி, பட்டாணி அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, மேலே மை ஓட்டினார்.

"இவ்வளவு சின்ன வட்டமா? எந்தப் புத்தகத்துலயும் இல்லையே."

"புத்தகத்துல இல்ல மேடம். எண்ணுல இருக்கு."

மை உலர்ந்தது. அந்த நிமிஷம் சந்தில் ரீங்காரம் நின்று, கோடு மறைந்து, லாட்ஜு பெட்ஷீட்டுகள் மொத்தமும் சேற்றில் விழுந்தன. சலவைக்கார அம்மா வானிலைக்காரரின் வம்சத்தையே இழுத்துத் திட்டியது மூன்று தெரு வரைக்கும் கேட்டது.

மேலே நடந்ததை மச்சினன் பிற்பாடு சொன்னான். பஸ் உச்சி வளைவில் நிற்கவில்லையாம். அங்கே பிரேக் பிடிக்காமல் வழுக்கி, கீழே ஓடைப் பக்கம் வந்து பனியில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றதாம். எஞ்சின் அணைந்துவிட்டது. கண்ணாடி முழுக்கப் பனி ஏறி, உள்ளே பேசுகிறவர்களின் மூச்சே உறைந்து கூரையில் ஒட்டியது. வெளியே போனால் தன் கையே தனக்குத் தெரியாது. எல்லோரும் அழுதும் வேண்டியும் ஓய்ந்திருந்த நேரத்தில், பஸ்ஸின் இடப்பக்கச் சுவர் வழியாகக் கோடு ஒன்று உள்ளே வந்து, வலப்பக்கச் சுவர் வழியாக வெளியே போயிற்று. அவன் அக்கா அதைப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இது சரியான கோடு. எல்லாரும் புடிச்சுக்கிட்டு எறங்குங்க," என்றாளாம்.

"எப்படிக்கா தெரியும்?"

"இத்தனை நாள் வந்தது துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இது அமைதியா இருக்கு."

வரிசையாக, கையைக் கோட்டை விட்டு எடுக்காமல் நடந்தார்கள். கோடு சாலைப் பணியாளர்களின் குடிசைக்குள் புகுந்து போயிற்று. உள்ளே அடுப்பு எரிந்தது. மச்சினன் வழிகாட்டுகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் போனவன், தலையோடு கண்ணையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்ததால் குடிசையையும் கடந்து கோட்டைப் பிடித்தபடியே போய், வட்டம் முழுவதும் சுற்றி, கடைசி ஆளுக்குப் பின்னால் வந்து நின்றான். முன்னால் போகிறவர் யார் என்று கேட்டானாம். சின்ன வட்டமாக இருந்ததால் பிழைத்தான்.

அலுவலகத்தில் வெளிச்சம் மங்கும்வரை இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் மேடம்தான் எடுத்தார். கேட்டுவிட்டு வைத்தார்.

"எல்லாரும் குடிசைக்கு வந்துட்டாங்களாம். ஒரு நர்ஸு எல்லார் கால்விரலையும் தேச்சு விட்டுக்கிட்டிருக்காங்களாம்."

வானிலைக்காரர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஈரம் பட்டு மை கலைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"திட்டுறேன்னு சொன்னீங்களே மேடம்."

"நாளைக்குத் திட்டுறேன். வீட்டுக்குப் போங்க. ஒரு செருப்புதான் போட்டுட்டு வந்திருக்கீங்க, பாத்துப் போங்க."

மறுநாள் ரேடியோவில், நேற்றைய முன்னறிவிப்பு தவறு, மன்னிக்கவும் என்று வாசித்தார்கள். அப்படி ஒரு வாசகத்தை ஊர் அதுவரை கேட்டதில்லை. மிரண்டுபோய், அதற்கப்புறம் சொன்னதையெல்லாம் நம்ப ஆரம்பித்தது. மேடம் சொன்னபடி திட்டினார், கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகவே திட்டினார். முடிவில், "உங்களை எடுத்துட்டா ஊருக்குத் துணி எங்க காயும்? வரைங்க. ஆனா அந்த இல்லாத காத்து இனிமே என் பொறுப்பு," என்றார். அன்றிலிருந்து மலை நிலையத்தின் எண்ணை அவரே கணக்குப் போட்டுத் தருவார். வானிலைக்காரர் வாங்கிப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். வாசல் வழியாக வருமா வராதா என்று பென்சிலைத் தூக்கும்வரை அவருக்கே தெரியாது.

குடிசையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாதையில் பனிச்சரிவு விழுந்து அந்தக் குளிர்காலம் முழுக்க அடைத்துக் கிடந்தது. மேலூருக்கு ஏறும் பாதை மட்டும் சில நாளில் திறந்தது. லீவும் முடிந்திருந்தது, குளிரில் விரல் கருத்துப்போனவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவும் ஆள் வேண்டியிருந்தது. அவள் பாதி வழி வந்தவள், அந்தப் பாதியிலிருந்தே மேலே திரும்பினாள்.

பாதை சரியானதும் வந்த மச்சினன் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க மாமா. கோட்டை இழுத்து வளைக்க வேணாமாம். தானா வர்றப்ப வரட்டுமாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"கோவமா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க. எதுக்குக் கெளம்பி வந்தீங்கன்னு கேட்டேன், அதைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நீங்களே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் கேட்க வாயெடுத்தார். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது. அவள் ஆச்சு என்றாள். அன்றைக்கு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்த நேரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

குளிர்காலங்கள் போயின. கம்ப்யூட்டருக்கு மலையின் மூக்கும் முழங்காலும் தெரிய ஆரம்பித்து, கையால் போட்டது நல்லதா அது போட்டது நல்லதா என்று விவாதம் வந்தது. மேடம் ஓய்வு பெறுவதற்குள் அதற்கு முடிவு சொல்லாமலே பார்த்துக்கொண்டார். மச்சினனுக்குத் தொப்பை வந்தது. மேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆள் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆள் வரவில்லை. வானிலைக்காரரின் தலைமுடி மூடுபனி நிறத்துக்கு வந்தது. சில குளிர்காலங்களில் கோடு நாலைந்து முறை வாசலுக்கு வரும், சிலவற்றில் ஒருமுறைகூட வராது. வந்தால் ஓர் இழுப்பு, வராவிட்டால் இல்லை.

ஒரு வருஷம், குளிர் விடைபெறப்போகிற சமயம், அதிகம் எதிர்பார்க்காத ஒரு நாளில் கோடு சந்துக்குள் வந்திருந்தது. மூடுபனி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டில் கை வைத்தார். இழுப்பு வரவில்லை. ஆனால் கோடு வழக்கமான உயரத்தில் இல்லாமல் சற்றுத் தாழ்ந்து, ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. மாடென்றால் அசையும், ஈரத் துணியென்றால் சொட்டுகிறபோது நடுங்கும். இது அசையவில்லை, நடுங்கவில்லை. நாளெல்லாம் நின்று கால் வலித்த ஒருத்தர் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டால் எவ்வளவு பாரம் இருக்குமோ அவ்வளவு பாரம். அவர் இழுக்கவில்லை. திரும்பி நின்று, மெதுவாக, தன் முதுகையும் அதன் மேல் கொடுத்துச் சாய்ந்தார். கோடு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நின்றது.

தெருவில் போனவர்கள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து, கோட்டுக்கு அடியில் புகுந்து போனார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "நாளைக்கு எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க," என்றார் வானிலைக்காரர், சாய்ந்தபடியே.